முட்டினால் இரட்டி

"சார், ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியா கிடக்கு" என்று ஷீபா போனில் சொன்னாள். ஒரு காலத்தில் நான் பார்த்த வேலையை இன்றைக்குப் பார்ப்பவள் அவள். எல்லையோரத்துக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய், கருவி வைத்துப் படம் பிடித்து, கல்லுக்கு ஒரு படிவம் என்று நிரப்பிக்கொண்டு வருகிறாள். பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவே எங்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு கல் நிற்கிறது. அதன் படிவத்தில் கடைசிக் கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று அவளுக்கு ஓடவில்லை. 'தற்போதைய நிலை' என்பது அந்தக் கட்டத்தின் தலைப்பு.

"கல்லைப் பத்திக் கேட்டா ஊர்க்காரங்க சிரிக்காங்க சார். 'ஞானமுத்து சாரைக் கேளு, அவரு வாய் செய்த வேலையாக்கும்'ன்னு சொல்லுதாங்க. அப்படி என்ன செஞ்சீங்க?"

போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது? எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவளுடைய கருவியை நான் பார்த்திருக்கிறேன். கல்லைத் தொடாமலே கல்லின் ஒவ்வொரு கீறலையும் எடுத்துவிடுகிறது. என் வயதுக்காரர்கள் சிலர் இதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அந்த வியாதி இல்லை. வெயிலில் குத்துக்காலிட்டு நாலு மணி நேரம் கல்லின் மேல் ஈரத் தாளை ஒட்டி அடித்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். இது அன்றைக்கே வந்திருந்தால் என் முதுகு இன்றைக்கும் நேராக இருந்திருக்கும்.

நான் சேர்ந்தது திருவனந்தபுரத்துத் தொல்பொருள் ஆபீசில், கல்வெட்டுக்குப் படி எடுக்கிற உதவியாளாக. முதல் மூன்று மாதமும் தாளை நனைக்கவும், கிழிக்காமல் உரிக்கவும் பழகியதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மிஷன் சபைப் பள்ளிக்கூடத்தில் படித்த பையன், தமிழ் எழுத்து தெரியும், வட்டெழுத்து தெரியாது, வாய் கொஞ்சம் நீளம். இவ்வளவுதான் அன்றைய ஞானமுத்து.

என் மேலதிகாரியை எல்லோரும் போற்றி சார் என்றுதான் சொல்வோம். நெய்யாற்றின்கரைக்காரர். வீட்டில் மலையாளம், கல்லைப் பார்த்தால் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். நாய்க்குப் பயம் என்பதால் மழை இல்லாத நாளிலும் குடை வைத்திருப்பார். எதைக் கேட்டாலும் "காணட்டும்" என்பார். ஆமாம் என்றும் இல்லை என்றும் அவர் வாயில் எளிதில் வராது. வேலையில் மட்டும் அவருக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. கல்லின் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும் முன்னால் ஒரு வார்த்தை வெளியே சொல்லக்கூடாது. படித்து முடித்தபின், அந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது. "கல்லு அவங்க கல்லு. அவங்க கேக்காம நாம தாளைச் சுருட்டிக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு களவு" என்பார். முதல் பிடிவாதத்தை நான் மீறினேன். இரண்டாவது பிடிவாதம் என்னைக் காப்பாற்றியது.

அது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம், விட மாட்டோம் என்று மறுபக்கம். பாறசாலைப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். பனச்சமூட்டு முக்கில் எந்நேரமும் போலீஸ் நிற்கும். அடி வாங்கியவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. அதை லேசாகப் பேச எனக்கு மனம் வராது. நான் சொல்வது எங்கள் குளக்கரையில் நடந்ததை மட்டும்தான்.

எங்கள் ஊரில் அந்தச் சண்டையால் முதலில் நின்றுபோனது திருவாதிரை ஊட்டு. மார்கழித் திருவாதிரைக்கு மகாதேவர் கோயில் வகையில் குளக்கரையில் ஊருக்கெல்லாம் கஞ்சியும், கிழங்கு வேகவைத்த புழுக்கும், பாயசமும் உண்டு. அரிசி கோயிலிலிருந்து வரும். சமைக்கிற பெரிய வார்ப்பு, நாலு ஆள் தூக்குகிற வெண்கலப் பாத்திரம், எங்கள் மிஷன் சபைக் கட்டிடத்து அறையில் இருக்கும். எப்போது, எதற்காக அங்கே வந்தது என்று யாருக்கும் தெரியாது. போராட்டம் வந்ததும் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு பந்தியில் உட்கார மாட்டேன் என்றது. அரிசி ஒரு பக்கம், வார்ப்பு ஒரு பக்கம் என்று இரண்டு வருடம் ஊட்டு நடக்கவில்லை.

தமிழ்க் கட்சிக்கு எங்கள் ஊரில் தலை தையல்கடை தங்கையன் அண்ணன். மலையாளக் கட்சிக்கு டீக்கடை குட்டன் பிள்ளை. இரண்டு கடையும் எதிரெதிரே. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள்.

குளக்கரைக் கல்லில் எழுத்து இருக்கிறது என்று போற்றி சாரிடம் சொன்னது நான்தான். நெஞ்சு உயரக் கல். ஊர்ப் பெண்கள் புல்லறுக்கப் போகும் முன்னால் அதில்தான் அருவாள் தீட்டுவார்கள். படி எடுக்கப் பழகியபின் ஒருநாள் குளிக்கப் போனவன், அருவாள் தீட்டின தடத்துக்குக் கீழே பார்த்தால் எழுத்து. சின்ன வயதிலிருந்து சாய்ந்து நின்ற கல் அது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போற்றி சார் குடையோடு வந்து இறங்கினார். தேங்காய் நார் போட்டுக் கல்லைத் தேய்த்துக் கழுவினேன். நனைத்த தாளைக் கல்லின் மேல் விரித்து, கட்டைத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போக வேண்டும். பலமாக அடித்தால் தாள் கிழியும், பயந்து அடித்தால் எழுத்துக் குழிக்குள் இறங்காது. தாள் பாதி காய்ந்ததும் மை தொட்ட துணிப்பந்தால் மெள்ள ஒற்றினால், கல்லின் மேல்தளம் கறுப்பாகும், குழிக்குள் போன எழுத்து வெள்ளையாக நிற்கும். அன்றைக்கு அந்தக் கறுப்பிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தபோது எனக்கு ஊளையிட வேண்டும் போல இருந்தது. தமிழ் எழுத்து. நானே படித்தேன். சோழ மன்னனின் பட்டங்கள்.

சோழர் கல்வெட்டு என்பது கல்யாணக் கடிதம் மாதிரி. மேலே பாதி முழுவதும் பெரியவர்களின் பேரும் பெருமையும்தான். எந்தக் கடலைக் கடந்தான், எந்த நாட்டை வென்றான் என்று ஊருக்கு ஊர் அதையேதான் வெட்டியிருப்பார்கள். என்ன காரியம், எங்கே, யாருக்குச் சாப்பாடு என்பதெல்லாம் கீழே வரும். எங்கள் கல்லில் அந்தக் கீழ்ப்பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. தோண்டுவதற்குத் தாலுகா ஆபீசில் உத்தரவு வாங்க வேண்டும். போற்றி சார் நெய்யாற்றின்கரைக்குப் புறப்பட்டார்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்கண்டாம், கேட்டியா ஞானமுத்தே."

"இல்ல சார்."

சாயங்காலம் நாலு மணி வரை தாக்குப்பிடித்தேன். அதுவே என் வயதுக்குப் பெரிய சாதனை. தங்கையன் அண்ணன் கடையில் பட்டன் தைக்கப் போனவன், "அண்ணே, ஒரு காரியம் சொல்லுவேன், யாருட்டயும் சொல்லப்படாது" என்று ஆரம்பித்தேன்.

"எலே, சோழனா? நம்ம சோழனா?" தையல் மிஷின் நின்றுவிட்டது.

"நம்ம சோழனேதான் அண்ணே. இந்த நாட்டை ஜெயிச்சிட்டு வச்ச கல்லாக்கும்."

இருட்டும் முன்னால் கல்லைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டியாகிவிட்டது. 'சோழன் மண் தமிழன் மண்' என்று தங்கையன் அண்ணனே வெள்ளை நூலால் தைத்திருந்தார். அவ்வளவு அழகான தையலை அவர் கல்யாணச் சட்டைக்குக்கூடப் போட்டதில்லை.

மறுநாள் காலை நான் போகும்போது குட்டன் பிள்ளை பத்து ஆளோடும் இரண்டு கடப்பாரையோடும் குளக்கரையில் நின்றார். எதிரே தங்கையன் அண்ணனின் ஆட்கள். கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம்.

"கல்லல்லே காரணம்?" என்றார் குட்டன் பிள்ளை. "கல்லு குளத்தில கிடந்தா காரணமும் குளத்தில கிடக்கும்."

"தொட்டுப் பாரும் வேய்" என்றார் தங்கையன் அண்ணன்.

நான் ஓடிப்போய்க் கல்லின் முன்னால் நின்றேன். வீரம் ஒன்றுமில்லை. வேலை போகும் என்பது தெரிந்துவிட்டது. அதைவிட வேறொன்றுதான் உறுத்தியது. எத்தனையோ நூறு வருடம் மழையிலும் வெயிலிலும் அருவாளிலும் தப்பி நின்ற கல்லை, நான் கண்டுபிடித்த ஒரே வாரத்தில் என் வாயாலேயே சாகக் கொடுத்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது. அழுகையை மறைக்கவும் தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோசம்மா அக்கா வந்தாள். எங்கள் சபைக் கட்டிடத்தைக் கூட்டிப் பெருக்கி, வார்ப்பு இருக்கிற அறையின் சாவியை இடுப்பில் வைத்திருப்பவள். கையில் அருவாள், தீட்ட வந்திருக்கிறாள்.

"எனக்கு உங்க சோழனையும் தெரியாது, சேரனையும் தெரியாது. கல்லைப் பிடுங்கினா நான் அருவா எங்க தீட்டது? பிள்ளைக்க தலையிலயா, அண்ணனுக்க தலையிலயா?"

அவளைத் தள்ளிவிட்டுக் கல்லைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அவள் சாவகாசமாக அருவாளைத் தீட்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் முடியும் முன்னால் பஸ் வந்து போற்றி சார் இறங்கினார்.

சிவப்புத் துணியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. நேரே குட்டன் பிள்ளையிடம் போனார்.

"கடப்பாரை கொண்டு வந்தது நன்னாச்சு. தோண்ட ஆளில்லாம விசனப்பட்டுக்கிட்டிருந்தேன்."

"தோண்டவல்ல சாறே, பிடுங்க."

"பிடுங்கலாம். எதைப் பிடுங்குகிறோம்னு தெரிஞ்சிட்டுப் பிடுங்கண்டாமா? பாதிக் கல்லு மண்ணுக்குள்ளேயல்லே கிடக்கு. அதில உமக்குச் சாதகமா ஒண்ணு இருந்திச்சின்னா?"

குட்டன் பிள்ளை யோசித்தார். அவர் ஆட்கள் கடப்பாரையை மண்ணில் இறக்கினார்கள். அவர்கள் தோண்டினால் எதையாவது அழித்துவிடுவார்கள் என்று தங்கையன் அண்ணனின் ஆட்களும் மறுபக்கம் இறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில், தாலுகா உத்தரவில் கண்டதைவிட இரண்டு மடங்கு குழி விழுந்துவிட்டது.

கீழ்ப்பாதி லேசில் வசப்படவில்லை. தென்னை வேர் கல்லை வலைபோலப் பின்னியிருந்தது. எழுத்துக் குழிகளில் களிமண் இறுகிக் கிடந்தது. இரும்பு படக்கூடாது, ஈர்க்குச்சியால் ஒவ்வொரு எழுத்தாக நோண்டி எடுக்க வேண்டும். பச்சைத் தண்ணீருக்குக் களிமண் இளகவில்லை. குட்டன் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குப் போய் டீ பாய்லரிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து அவரே மெள்ள ஊற்றினார். தாளை விரிக்கும்போது குளத்துக் காற்று பிடித்துக்கொண்டது. எனக்கு இருப்பது இரண்டு கை. "ஒரு ஓரத்தைப் பிடியும்" என்று போற்றி சார் தங்கையன் அண்ணனிடம் சொன்னார். "மத்த ஓரத்தை நீர் பிடியும்" என்று குட்டன் பிள்ளையிடம் சொன்னார். இரண்டு பேரும் குழிக்குள் முட்டிபோட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிடித்துக்கொண்டார்கள். நான் அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக வேறெந்தத் தாளையும் அடித்ததில்லை.

மை ஒற்றியதும் எழுத்து வந்தது. வட்டெழுத்து.

"இது யாருக்க எழுத்து சாறே?" குட்டன் பிள்ளை முதலில் கேட்டார்.

"வட்டெழுத்து, அன்னைக்கு இந்தச் சீமையில நடப்பிலிருந்த எழுத்து. உமக்கும் வாசிக்கத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதனால சண்டைக்கு வழியில்லை" என்றார் போற்றி சார்.

தாள் காய்ந்ததும் எல்லோரையும் உட்காரச் சொன்னார். மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, மேல்பாதியிலிருந்து தொடங்கினார். சோழனின் வெற்றிகள் வரும்போதெல்லாம் ஒரு பக்கம் கை தட்டியது, மறுபக்கம் தரையைப் பார்த்தது. பிறகு கீழ்ப்பாதி. அங்கே அவர் குரல் மெதுவாகி ஓரிடத்தில் நின்றது, தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

சோழன் படை நாஞ்சில்நாட்டைத் தாண்டி விழிஞ்ஞம் வரைக்கும் பிடித்தது சரித்திரத்தில் உண்டு. பிடித்தபின் இந்தச் சீமையை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பது எங்கள் கல்லில் இருந்தது. சோழ அதிகாரி ஒருவன் ஊருக்கு வந்திருக்கிறான். வந்து பார்த்தால் மேல்கரைக்காரர்களும் கீழ்கரைக்காரர்களும் எல்லைச் சண்டை போட்டு மகாதேவர் திருவாதிரை ஊட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதிதாக வரி போடவில்லை, யாரையும் சிறை வைக்கவில்லை. ஊர்ச் சபையைக் கூட்டி ஓர் ஏற்பாடு செய்து கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். ஊட்டு முட்டக்கூடாது, அதாவது தடைப்படக்கூடாது. எந்தக் கரையார் பிணங்கி முட்டினாலும் இரு கரையாரும் சேர்ந்து, முட்டினதற்கு இரட்டி ஊட்ட வேண்டும். பக்கத்து மலைமேல் இருக்கிற அமண, அதாவது சமணத் துறவிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

"சிவன் கோயில் ஊட்டுல அமணங்களுக்கு எதுக்கு சாரே பங்கு?" என்று தங்கையன் அண்ணன் கேட்டார்.

"நாட்டை ஜெயிக்க ஆனையும் குதிரையும் போதும். அதை வச்சுக்கிட்டு இருக்கணும்னா எல்லாருக்கும் சோறு போடணும். அவன் சிவபக்தன்தான். ஆனா பந்தியில எந்தச் சாமின்னு கேட்டு இலை போடல்லே" என்றார் போற்றி சார்.

எல்லோரும் மனசுக்குள் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னவள் ரோசம்மா அக்கா.

"அப்போ ரெண்டு வருசம் முட்டியாச்சு. இரட்டின்னா நாலு ஊட்டு. எப்பம் வைக்கிறிய?"

குட்டன் பிள்ளைக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. "அது தங்கையன் கட்சிக்கு உள்ள உத்தரவு. சோழன் மண்ணுன்னு துணி கெட்டினது அவனல்லே? சோழன் சொன்னதை அவன் கேக்கட்டும். எனக்குச் சோழன் ராஜாவல்ல."

"பிள்ளைக்குச் சோழன் வேண்டாம், சரி. மகாதேவனும் வேண்டாமா? ஊட்டு அவருக்கதாக்கும்" என்றாள் அக்கா.

முதலில் சிரித்தது குட்டன் பிள்ளைதான். வயிறு குலுங்கச் சிரித்தார். தங்கையன் அண்ணன் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றவர்கள் அதன்மேல் சாய்ந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது.

அந்த வாரமே முதல் ஊட்டு. வார்ப்பை வெளியே எடுத்தபோது அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டை பொரியட்டும் என்று இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள். சிவப்புத் துணியைத் தங்கையன் அண்ணனே கிழித்து, சுடு வார்ப்பை இறக்கப் பிடித்துணியாக மடித்துத் தைத்துக் கொடுத்தார். 'சோழன்' ஒரு கையிலும் 'தமிழன்' ஒரு கையிலுமாக, 'மண்' மடிப்புக்குள் மறைந்துபோக, கஞ்சி இறங்கியது. போற்றி சார் பந்தியின் கடைசியில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கினார். என்னைப் பந்தியில் உட்கார விடாமல் பரிமாற நிறுத்தினார். "வாயைத் திறந்தவன் இன்னைக்கு வாயை மூடிக்கிட்டுத் தண்ணி விளம்பட்டும்" என்றார். எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான்.

அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் ஆபீசுக்கு அறிக்கை போக வேண்டுமே. நான்தான் அதை நகல் எடுக்க வேண்டும். பயந்துகொண்டே பிரித்தேன். 'கல்லின் மேற்பாதி முதல் நாளும் கீழ்ப்பாதி மறுநாளும் படிக்கப்பட்டன. குழி தோண்டவும் தாள் பிடிக்கவும் ஊரார் பெரிதும் உதவினர்.' என் பெயர் கண்டுபிடித்தவன் என்ற இடத்தில் மட்டும் இருந்தது. அவர் அறையில் போய் நின்றேன். "நகல் எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். "காணட்டும்" என்று கையை நீட்டினார். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

மூன்று ஊட்டு முடிந்தபோது எல்லை முடிவாகிவிட்டது. விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். தங்கையன் அண்ணனுக்கு அது பெரிய அடி. மூன்று நாள் கடை திறக்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டும் கதவைத் திறக்கவில்லை. நாலாவது நாள் குட்டன் பிள்ளை ஒரு கையில் டீயும் மறுகையில் பழைய சட்டையுமாகத் தெருவைக் கடந்து போய்க் கதவைத் தட்டினார்.

"எடா தங்கையா, பட்டன் போச்சு. இன்னும் ஒரு ஊட்டு பாக்கி உண்டு. பட்டன் இல்லாத சட்டையோட நான் பந்தியில இரிக்கவா?"

கதவு திறந்தது. நாலாவது ஊட்டில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து தங்கையன் அண்ணனின் மகள் வீட்டாரும் வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு திருவாதிரைதோறும் வருகிறார்கள். இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எத்தனையோ கல்லைப் படித்தேன். பெரும்பாலான உத்தரவுகள் கல்லோடு செத்துவிட்டவை. விளக்கு எரிக்கச் சொன்ன இடத்தில் கோயிலே இருக்காது. தண்ணீர் விடச் சொன்ன வாய்க்காலில் வீடு நிற்கும். அந்தப் படிவங்களில் 'சிதைந்தது', 'மங்கியது' என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

போன திருவாதிரைக்கு நான் போயிருந்தேன். ரோசம்மா அக்காவின் மருமகள் அந்தக் கல்லில் அருவாள் தீட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டு உண்டா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"உண்டு மாமா. முட்டினா இரட்டியல்லவா? யாரால ஆகும்?" என்றாள்.

இவ்வளவையும் எழுதி ஷீபாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் செய்தாள். கதை நல்லா இருக்கு சார், ஆனா கட்டத்தில் என்ன போட என்றாள். 'சிதைந்தது' என்று போடவா, 'நல்ல நிலை' என்று போடவா?

"உத்தரவு நடப்பில் உண்டு, அப்படின்னு போடு மக்கா" என்றேன்.